இடது கன்னம், வலது கன்னம்

மூன்று வருஷம் நான் சுண்டெலிகளின் முதுகில் புகையிலைச் சாறு தடவிக்கொண்டிருந்தேன். மைசூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், பழைய குதிரை லாயம் ஒன்றை வெள்ளையடித்து எங்கள் பதாலஜி பிரிவுக்குக் கொடுத்திருந்தார்கள். அதன் கடைசி அறையில் என் எலிகள் இருந்தன. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொன்றின் முதுகிலும் முடி மழித்த ஒரு சின்ன இடத்தில், மெல்லிய தூரிகையால் ஒரே ஒரு தீற்று. மண்டி மொஹல்லாவில் வெற்றிலைக்கடைக்காரர்கள் வாங்குகிற அதே புகையிலையை நானே போய் வாங்கி வருவேன். மடிசார் கட்டிய அம்மாக்களையும் சீமைச் சேலை டாக்டர் அம்மாக்களையும் பார்த்துப் பழகிய அந்தச் சந்தில், ஒரு பெண் டாக்டர் புகையிலை கேட்டு நிற்பது மட்டும் கடைசிவரை யாருக்கும் பழகவில்லை.

வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலைதான் காரணம் என்று அப்போதே பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்வது வேறு, எலியின் தோலில் கட்டியை வரவழைத்துக் காட்டுவது வேறு. அதை நான் காட்டிவிட்டால் என் பேர் வெளியே தெரியும் என்று நம்பினேன். எலிகளோ கொழுத்தன, குட்டி போட்டன, வயதாகிச் செத்தன. ஒன்றுக்குக்கூடக் கட்டி வரவில்லை.

எங்கள் துறைத் தலைவர் கன்னடக்காரர். சென்னையில் படித்தவர் என்பதால் தமிழும் பேசுவார். தினமும் காலையில் அந்த அறை வாசலில் நின்று, "ஏனம்மா, எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பார். எலிகளைத்தான் கேட்கிறார். அவர் கேலியாகக் கேட்கவில்லை என்பது தெரியும். தெரிந்தும் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்து சேர்ந்தாள்.

ராஜ்யங்களை மொழிவாரியாகப் பிரித்துக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. அதுவரை கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்த கொள்ளேகால் தாலுகா மைசூரோடு சேர்ந்தது. அவளுடைய ஊர் மார்டள்ளி அந்தத் தாலுகாவில், காட்டை ஒட்டி இருந்தது. அப்பா விவசாயி. சென்னையில் டாக்டருக்குப் படித்தவள், ஊர் மைசூருக்கு வந்துவிட்டதால் தானும் மைசூருக்கு வந்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். என்னைவிட ஏழு வயது சின்னவள். முதல் நாளே என்னை "அக்கா" என்றாள். எங்கள் பிரிவில் எல்லோரும் என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

எங்கள் குடும்பம் மேல்கோட்டையிலிருந்து வந்து மைசூரில் மூன்று தலைமுறையாக இருப்பது. அப்பா அரண்மனை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவர். எனக்குக் கல்யாணம் தட்டிப்போய்க்கொண்டே இருந்து, பிறகு அந்தப் பேச்சே வீட்டில் நின்றுவிட்டது. படிப்பிலும் வேலையிலும் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை என்ற ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஸ்லைடு பார்ப்பதில் எனக்கு நிகர் அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. அறுத்தெடுத்த சதையின் ஒரு மெல்லிய சீவலை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், புற்றா இல்லையா என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். சர்ஜன்கள் என் கையெழுத்துக்காகக் காத்திருப்பார்கள்.

அவளுக்கு அந்தத் திறமை இல்லை. ஸ்லைடில் தடுமாறுவாள், என்னிடம் வந்து கேட்பாள், நான் சொன்னதும் தலையில் லேசாகத் தட்டிக்கொள்வாள். அதனால் முதல் ஆறு மாதம் அவளை எனக்குப் பிடித்திருந்தது.

அவள் செய்ததெல்லாம் வார்டுக்குப் போனதுதான். பதாலஜிக்காரர்கள் வார்டுக்குப் போக மாட்டோம். சதை எங்களிடம் வரும், ஆள் வர மாட்டார். இவள் மத்தியானச் சாப்பாட்டை முடித்ததும் வாய்ப்புண்ணோடு வந்து படுத்திருக்கிற பெண்களின் கட்டில் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவாள். ஹனூர், கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பாதிப் பேர். கன்னட நர்ஸுகளிடம் வாய் திறக்காதவர்கள் இவளிடம் ஊர்க்கதை, மழை, மருமகள் எல்லாம் பேசினார்கள். எனக்குத் தமிழ் தெரியாதா என்ன? ஒரு நாள் நானும் பின்னால் போய் நின்றேன். நான் போனதும் பேச்சு நின்றுவிட்டது. கட்டிலில் இருந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லீங்கம்மா, இவங்க நம்ம அக்காதான். சொல்லுங்க, போயலை எந்தப் பக்கம் அதக்குவீங்க?" என்றாள் அவள்.

"இந்தப் பக்கமுங்க." அந்த அம்மா கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"ராத்திரி தூங்கறப்போ துப்பிருவீங்களா?"

"எங்கீங்க துப்பறது. பொழுதுக்கும் வேல. படுக்கறப்பதான் நிம்மதியா ஒரு வா போடறது. காலைல எந்திரிச்சாத் துப்பறதுங்க."

அவள் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டாள். வெளியே வந்ததும், "அக்கா, பாத்தீங்களா? விடிய விடியக் கன்னத்துலயே கெடக்குதுங்க. எந்தக் கன்னத்துல கெடக்குதோ அந்தக் கன்னத்துலதான் புண்ணு வருதுன்னு நெனக்கிறேன். எல்லாரையும் கேட்டு எழுதப் போறேனுங்க" என்றாள்.

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரி நடையில், ஒரு மருந்துத் தள்ளுவண்டி எங்களைக் கடந்து போகட்டும் என்று சுவரோரம் ஒதுங்கி நின்றிருந்தோம். அவள் சொன்னது சரியாக இருக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இரண்டு வருஷமாக எலிகளிடம் கேட்டுக்கொண்டிருந்ததை இவள் பக்கத்துக் கட்டிடத்தில் மனிதர்களிடம் கேட்டுவிட்டாள். "கேட்டா மட்டும் போறாது. நிரூபிக்கணும்" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

அதற்குப் பிறகு அவளிடம் எல்லாமே எனக்கு உறுத்த ஆரம்பித்தது. அவள் நடக்கும்போது செருப்பு எழுப்புகிற சத்தம். மேஜைமேல் அவள் வைத்துவிட்டுப் போகிற கடலை மிட்டாய்ப் பொட்டலம். துறைத் தலைவர் என் எலி அறை வாசலில் நிற்பதை நிறுத்திவிட்டு, அவள் மேஜை ஓரத்தில் நின்று அட்டைகளைப் புரட்ட ஆரம்பித்தார். வீட்டிலும் அதே கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் காபிக்குக் கூப்பிட்டேன். யாரையும் கூடத்தைத் தாண்டி வரவிடாத என் அம்மா, அவளோடு ஒரு மணி நேரம் சிரித்துப் பேசினாள். அவள் போன பிறகு, "எவ்வளோ நன்னாப் பேசறா அந்தப் பொண்ணு. நீயும் இருக்கியே, ஆத்துக்கு வந்தா வாயே திறக்கறதில்லே" என்றாள். அந்த வாரம் முழுவதும் நான் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை.

ஒரு வருஷம் போனது. அவளிடம் ஒரு மரப்பெட்டி நிறைய அட்டைகள் சேர்ந்துவிட்டன. பெங்களூரில் டாக்டர்கள் கூட்டம் ஒன்று நடக்க இருந்தது. அதில் அவள் தன் ஆராய்ச்சியை வாசிப்பது என்று துறைத் தலைவர் முடிவு செய்தார். என்னைக் கூப்பிட்டு, "அட்டையில் இருக்கிற ஒவ்வொரு நோயாளியோட ஸ்லைடையும் நீங்க ஒரு தடவை பாத்துடுங்க. உங்க கண்ணுல படாம எதுவும் தப்பாது" என்றார். பாராட்டுத்தான். அவள் மேடையில் நிற்க, நான் அவள் அட்டைகளைச் சரிபார்க்க வேண்டும்.

பத்து நாள் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்லைடுகளில் குறை எதுவும் இல்லை. ஆனால் அட்டைகளில் ஒரு குழப்பம் இருந்தது. அவற்றில் இரண்டு விஷயங்கள் எழுதியிருந்தன. புகையிலையை எந்தக் கன்னத்தில் அதக்குவார் என்பது அவள் நோயாளியைக் கேட்டு எழுதியது. புண் எந்தக் கன்னத்தில் என்பது சர்ஜன் அனுப்பும் சீட்டிலிருந்து எடுத்து எழுதியது. பெரும்பாலான அட்டைகளில் இரண்டும் ஒரே பக்கம். அவள் நினைத்தபடியேதான். ஆனால் கணிசமான அட்டைகளில் இரண்டும் எதிரெதிராக இருந்தன. புகையிலை இடது பக்கம், புண் வலது பக்கம். அவள் அதைப் பார்த்திருக்கிறாள். 'சிலருக்கு மாறியும் வருகிறது' என்று கட்டுரையில் நேர்மையாக ஒரு வரி எழுதியிருந்தாள்.

மாறி வந்த அட்டைகளை மட்டும் நான் தனியே எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டேன். சந்தேகம் வந்தால் குறி போடுவது என் பழக்கம். போட்டுக்கொண்டே வரும்போதுதான் கவனித்தேன். எல்லாமே ஆரம்ப மாதங்களில் எழுதியவை. அதற்குப் பிந்தைய அட்டைகளில் அவள் வாயைப் படமாக வரைந்து, அதில் இடம் குறித்திருந்தாள். படம் வரைய ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு அட்டைகூட மாறி வரவில்லை.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு வார்டில் பார்த்தது ஞாபகம் வந்தது. அவள் நோயாளிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா தன் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். எதிரே இருக்கிறவளுக்கு அது இடது கைப்பக்கம். அவள் 'இடது' என்று எழுதியிருக்கிறாள். ஆரம்பத்தில் எழுதிய அத்தனை அட்டைகளிலும் இடமும் வலமும் புரண்டிருந்தன. அதைத் திருத்தினால் மாறி வருகிற ஆளே அநேகமாக இல்லை. அவள் நினைத்ததைவிட அவள் கண்டுபிடிப்பு பல மடங்கு பெரியது.

எழுந்து பக்கத்து அறைக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பன்னிரண்டு அடி தூரம் இருக்கலாம். அவள் அங்கே உட்கார்ந்து யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள், பேனா கிறுக்குகிற சத்தம்கூடக் கேட்டது. நான் எழுந்தேன். அட்டைகளை வரிசைப்படி மறுபடியும் பெட்டியில் அடுக்கினேன். பெட்டியைக் கொண்டுபோய் அவள் மேஜைமேல் வைத்தேன்.

"எல்லாம் சரியாங்கக்கா?" என்றாள்.

"ஸ்லைடு எல்லாம் சரி" என்றேன்.

அது பொய் இல்லை. அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பெங்களூருக்கு நானும் போனேன், துறைத் தலைவரும் வந்தார். அவள் ஊதா நிறப் பட்டுச்சேலை கட்டி, மேடையில் தெளிவாகவே வாசித்தாள். நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். வாசித்து முடித்ததும் ஒரு வயதான சர்ஜன் எழுந்தார். புகையிலை ஒரு பக்கமும் புண் இன்னொரு பக்கமுமாக இத்தனை பேர் இருக்கிறார்களே, அப்படியானால் அம்மையாருடைய வாதம் என்ன ஆவது என்று கேட்டார். நல்ல ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாகக் கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். அவர் மறுபடியும் கேட்டார். அவள் காகிதங்களைப் புரட்டினாள், பிறகு நிறுத்தினாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பதில் எனக்குத் தெரியும், எழுந்து நின்று சொல்லலாம். நான் என் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவள் இறங்கி வரும்போது எனக்குள் இதமாக ஏதோ பரவியது. அதற்கு வேறு பேர் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. சந்தோஷம்தான்.

ரயிலில் திரும்பும்போது அவள் ஜன்னலோரம் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மத்தூரில் வடை வாங்கிக் கொடுத்தேன். "விட்டுத் தள்ளு. முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கூட இருந்தது நல்லதாப் போச்சுங்கக்கா" என்றாள். மைசூர் வரும்வரை கையை விடவில்லை.

ஒரு வாரம் அவள் வார்டுக்குப் போகவில்லை. பிறகு ஒரு நாள் காலையில், நான் சதையைப் பதித்த மெழுகுக் கட்டியைச் சீவிக்கொண்டிருந்தபோது, கை நிறைய அட்டைகளோடு என் அறைக்கு வந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, இந்தப் பெருக்கல் குறியெல்லாம் நீங்க போட்டதுங்களா?"

என் கை நின்றுவிட்டது.

"மாறி வந்த அட்டையில மட்டும் போட்டிருக்கீங்க. எதுக்குன்னு ராவெல்லாம் யோசிச்சேன். எல்லாம் நான் படம் போடறதுக்கு முன்னாடி எழுதுனதுங்க. நான் எதுக்க உக்காந்து எழுதிருக்கேன், இடதும் வலதும் மாறிப் போச்சு. அதுதானுங்களே?"

"ஆமாம்."

"எப்போக்கா கண்டுபிடிச்சீங்க?"

அவள் முகத்தில் சந்தேகம் துளிக்கூட இல்லை. வெறுமனே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உண்மையைச் சொல்ல அதைவிட வசதியான நேரம் வாழ்க்கையில் எனக்கு அமைந்ததில்லை.

"முந்தாநாள். நீ மனசொடிஞ்சு இருந்தியோல்லியோ, பெட்டியை எடுத்து மறுபடி பார்த்தேன். உன்கிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றேன்.

அவள் அப்படியே என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு நேரே துறைத் தலைவரிடம் ஓடினாள். அவர் வந்து, "மேடம், மூணு வருஷம் எலி பண்ணாததை உங்க பென்சில் பண்ணிடுச்சு" என்றார். கட்டுரையில் என் பேரும் சேர வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். எதற்காக ஏங்கினேனோ அது என் கைக்கு வந்தது. அதை வாங்கிக்கொண்டேன்.

ஆனால் துறைத் தலைவர் ஒரு நிபந்தனை போட்டார். அட்டை தப்பு என்று ஊகித்தால் போதாது, உயிரோடு இருக்கிற பழைய நோயாளிகளில் சிலரையாவது நேரில் பார்த்துக் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். அப்படித்தான் நாங்கள் இருவரும் கொள்ளேகாலில் பஸ் மாறி, ஹனூர் வழியாக மார்டள்ளிக்குப் போனோம்.

அவள் வீட்டில்தான் தங்கினோம். அவளுடைய அம்மா உயரமான, ஒடிசலான மனுஷி. எனக்காகத் தனியே ஒரு புது அடுப்பு மூட்டி, நானே சமைத்துக்கொள்ளட்டும் என்று அரிசியும் பருப்பும் எடுத்து வைத்திருந்தாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. நீங்கள் சாப்பிடுவதையே போடுங்கள் என்றேன். ராகிக் களியும் கீரையும் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்தாள்.

"எம்புள்ள கடுதாசி போட்டா பாதி உங்களப் பத்தித்தானுங்க இருக்கும். அந்தக்கா கண்ணுல ஒண்ணு தப்புன்னு பட்டா மூஞ்சிக்கு நேராச் சொல்லீரும், அவிய இருக்கற வரைக்கும் நான் பயப்பட வேண்டியதில்லன்னு எழுதிருந்துச்சு. நாங்க படிக்காதவிய. பாத்துக்க அவளுக்கு ஒரு ஆளு இருக்குதுன்னு நெனச்சுக்குவோமுங்க" என்றாள்.

கையிலிருந்த களியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். தண்ணீர் குடித்தேன். அவள் எழுதிய அந்தக் கடிதம், நான் பெட்டியைக் கொண்டுபோய் வைத்த அன்று எழுதிக்கொண்டிருந்ததாகக்கூட இருக்கலாம். நான் கேட்கவில்லை.

மறுநாள் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனோம். ஒன்றரை வருஷத்துக்கு முன் ஆபரேஷன் ஆகிப் பிழைத்தவள். வலது கன்னம் உள்வாங்கித் தழும்பேறியிருந்தது. அட்டையில் 'புகையிலை இடது' என்று இருந்தது. இந்தத் தடவை அவள் எதிரே உட்காரவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே, தோளோடு தோள் இடிக்க, ஒரே திசை பார்த்து உட்கார்ந்தாள்.

"முன்னாடி எந்தப் பக்கம் அதக்குவீங்கன்னு காட்டுங்க."

அந்தப் பெண் வலது கையைத் தூக்கித் தழும்பின்மேல் வைத்தாள். "இங்கதான். வேற எங்க? பழகுன பக்கம் பழகுனதுதானுங்க."

இவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என்னைப் பார்த்தாள், அக்கா, அக்கா என்று இரண்டு தடவை சொன்னாள். நான் எங்கே நின்றிருந்தேன் என்றால், வாசல் நிலைப்படியில், வெயிலில். அப்போதும் எனக்கு வந்தது பொறாமைதான். கண்டுபிடித்ததற்காக இல்லை, அதில் பாதி என் பேரில் வரப்போகிறது. இப்படிச் சந்தோஷப்பட அவளுக்கு முடிகிறதே என்பதற்காக.

இரண்டு நாளில் இன்னும் நான்கு பேரைப் பார்த்தோம். ஐந்து பேருமே மாறாமல் புண் வந்த கன்னத்தையே காட்டினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவள் மடியில் அட்டைகளை வைத்துக்கொண்டு கட்டுரையை எப்படி ஆரம்பிக்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தாள். ஹனூர் தாண்டியதும் நான் சொன்னேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் குறியெல்லாம் முந்தாநாள் போட்டதுன்னு சொன்னேனே, அது பொய். பெங்களூர் போறதுக்கு முன்னாடியே போட்டது. இடமும் வலமும் புரண்டிருக்குன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சும் சொல்லலியா?"

"இல்லே."

"நான் மேடையில நிக்கறப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்?"

பொறாமை என்ற சொல் வாயில் வரவில்லை. "நீ ஜெயிக்கறதைப் பார்க்க என்னால முடியலே" என்றேன். அதுவே அதிகமாக வந்துவிட்டது.

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. அட்டைகளைப் பையில் போட்டு, எழுந்து, முன்னால் டிரைவருக்குப் பின்னாலிருந்த சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். கொள்ளேகாலில் பஸ் மாறினோம். மைசூர் பஸ்ஸிலும் அவள் முன்னால், நான் பின்னால். அவள் பின்னலின் ரிப்பன் அவிழ்ந்து தொங்கியதை வழி முழுவதும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் "குட் மார்னிங், மேடம்" என்றாள். கட்டுரையிலிருந்து என் பேரை எடுத்துவிடச் சொன்னேன். "குறி நீங்க போட்டதுதான். அது உண்மை. உண்மையா இருக்கறதை எடுக்க மாட்டேன்" என்றாள். இரண்டு பேருடைய பேரோடும் கட்டுரை வெளியானது. துறைத் தலைவரிடம் அவள் எதையும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதைப் படித்துவிட்டுப் பம்பாயில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிற ஒரு கூடத்திலிருந்து அவளை அழைத்தார்கள். அவளை மட்டும்தான். அழைப்புக் கடிதம் அவள் மேஜையில் பிரித்தபடி கிடந்ததைப் படித்தேன், இரண்டு தடவை. செய்த குற்றத்துக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்த அதே மனது, எனக்கு ஏன் வரவில்லை என்றும் கேட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அவள் போன பிறகு எலி அறையை மூடச் சொல்லி நானே எழுதிக் கொடுத்தேன். சாயங்காலங்களில் வார்டுக்குப் போக ஆரம்பித்தேன். முதலில் யாரும் பேசவில்லை. கட்டிலோரம் உட்காரப் பழகினேன், எதிரே உட்காராமல் பக்கத்தில். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார்கள். அவளிடம் பேசியது போல இல்லை. அதையும் கவனித்தேன்.

இரண்டு வருஷம் கடிதம் இல்லை. பிறகு பம்பாயிலிருந்து ஒரு மரப்பெட்டி ரயில் பார்சலில் வந்தது. உள்ளே பஞ்சு சுற்றிய ஸ்லைடுகள், ஒரு கடிதம்.

'மேடம், இவற்றை இங்கே மூன்று பேர் பார்த்துவிட்டோம். முடிவில் எனக்குத் திருப்தி இல்லை. நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் கண்ணை நம்புகிறேன். உங்களை நம்புவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.'

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பெட்டியை ஒரு நாள் முழுவதும் தொடவில்லை. மறுநாள் பார்க்க ஆரம்பித்தேன். அவர்கள் புற்று இல்லை என்று ஒதுக்கியிருந்த மூன்று ஸ்லைடுகளில், மேல்தோலின் அடியில், ஆரம்ப நிலையில் ஒரு ஓரமாக அது இருந்தது. அவர்களுக்குத் தப்பியிருந்தது, எனக்குத் தெரிந்தது. அன்றைக்கும் ஒரு கணம் சும்மா இருந்துவிடலாமா என்று தோன்றியது. தோன்றவில்லை என்று எழுதினால் இவ்வளவும் எழுதியதற்கு அர்த்தம் இல்லை. பிறகு மையில், எண் போட்டு, ஒவ்வொன்றும் எங்கே எப்படித் தெரிகிறது என்று நான்கு பக்கம் எழுதினேன். பென்சிலில் எதையும் எழுதவில்லை. சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் தபாலாபீஸுக்கு நடந்து ரிஜிஸ்தர் தபாலில் சேர்த்தேன்.

பதிலாக ஒரு கார்டு வந்தது. 'மூன்றும் நீங்கள் சொன்னபடிதான். நன்றி.' அடுத்த மாதம் இன்னொரு பெட்டி வந்தது. அதன் பிறகு பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன.

அவள் வளர்ந்தாள். பீடி சுற்றுகிறவர்கள், ஆலைத் தொழிலாளிகள் என்று எங்கெங்கோ போய்க் கேள்வி கேட்டாள். வெளிநாட்டில் போய்ப் படித்துவிட்டு வந்தாள். ஒரு முறை செய்தித்தாளில் அவள் படம் வந்தது. அம்மா அதைக் கத்தரித்துச் சுவாமி அலமாரிக் கதவில் ஒட்டினாள். நான் தினமும் காலையில் சேவிக்கப் போகும்போது பெருமாளுக்கு முன்னால் அவளைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அம்மாவிடம் அதை எடுக்கச் சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

மைசூருக்கு அவள் ஒரே ஒரு முறை வந்தாள். ஊரில் அவளுடைய அப்பா காலமாகி, காரியமெல்லாம் முடித்துத் திரும்பும் வழியில். சொல்லாமல் வந்து என் அறை வாசலில் நின்றாள். காதோரம் ஒன்றிரண்டு நரை. அப்பாவைப் பற்றிக் கேட்டேன், சொன்னாள். காபி வரவழைத்தேன், குடித்தாள். என் மைக்ராஸ்கோப்பில் அன்று காலையிலிருந்து ஒரு ஸ்லைடு இருந்தது. நஞ்சன்கூட்டுப் பக்கத்து ஆள் ஒருவருடைய நாக்கிலிருந்து எடுத்தது. புற்று என்று எழுத இருந்தேன், சர்ஜன் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாக்கலாமா, மேடம்?" என்றாள்.

எழுந்து இடம் விட்டேன். அவள் நிதானமாகப் பார்த்தாள். வந்த புதிதில் தடுமாறியவள் இல்லை இவள். "இது புற்று இல்லீங்க. பழைய புண்ணு ஆறிட்டு வருது, அதான் அப்படித் தெரியுது" என்றாள்.

நான் மறுத்தேன். அவள் விடவில்லை. அதே சதையை இன்னும் இரண்டு இடத்தில் சீவிப் பார்க்கலாம் என்றாள். சீவுகிற ஆளைக் கூப்பிடாமல் நானே சீவினேன், அவள் சாயம் ஏற்றினாள். ஒரு மணி நேரம், அந்தப் பழைய அறையில், இருவரும் அந்த ஒரு நாக்கைப் பற்றி மட்டும் வாக்குவாதம் செய்தோம். இடையில் ஒரு தடவை அவள் மேஜையைத் தட்டினாள், ஒரு தடவை நான் குரலை உயர்த்தினேன். புதுச் சீவல்களைப் பார்த்தபோது தெரிந்துவிட்டது. அவள் சொன்னதுதான் சரி. அந்த மனுஷருக்கு நாக்கை வெட்டத் தேவையில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. ஸ்லைடு ஒன்றுதான் எனக்கென்று மிச்சம் இருந்தது. அறிக்கைத் தாளை இழுத்து, அவள் சொன்னதை அப்படியே எழுதி, கீழே அவள் பேரையும் எழுதினேன். வாசலில் காத்திருந்த ஆளிடம் கொடுத்து, சர்ஜனிடம் ஓடிப் போய்ச் சேர்க்கச் சொன்னேன்.